ஊதுபத்தி வளர்ந்த புத்தகம்

“...அதுமில்லாம, எங்கியாச்சும் ஊதுபத்தி எரிய எரிய நீளமாகுமா கண்ணு?”

அக்கா கேட்டது என்னைத்தான். பார்வை மட்டும் அவள் வீட்டுக்காரர் மேல் இருந்தது. மச்சான் எங்கள் வீட்டு முன்னறையில், சாயம் போன பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஜப்பானைப் பற்றி டீக்கடை முழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் அந்தப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன்.

பையனைப் பறிகொடுத்துவிட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. திரும்பிப் போவாளா, மாட்டாளா என்பது ஒன்றுதான் அப்போது எங்கள் வீட்டில் பேச்சு. பேசாத நேரத்திலும் அதுதான் பேச்சு.

தொண்ணூறுகளின் பின்பாதியில் உக்கடம் பக்கம் ஒரு காகிதக் குடோனில் எனக்கு வேலை. வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் கட்டுக்கட்டாக எங்களிடம் வரும். கட்டைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையையும் கம்பிப் பின்னையும் மெழுகுத்தாளையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை மேட்டுப்பாளையம் பக்கத்து மில்லுக்கு அனுப்புவோம். அங்கே அது கூழாகிவிடும். அமெரிக்காக் கட்டுகளில் கணக்குத்தாள்கள் வரும். ஜப்பான் கட்டுகளில்தான் கதை வரும்.

டெலிபோன் டைரக்டரி தடிமனுக்குப் படக்கதைகள். காகிதம் சொரசொரவென்று இருக்கும். சில பக்கம் ரோஸ், சில பக்கம் பச்சை. மசியும் கறுப்பில்லை, ஊதாவோ சிவப்போ. எங்களோடு தரம் பிரித்த பெண்கள் அந்த முகங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். “ஏனுங்க, இந்த ஊர்ல மூக்கு வாங்கக் காசில்லாம மொத்தத்தையும் கண்ணுக்கே செலவு பண்ணிட்டாங்களாட்ட இருக்குது” என்பார் ஒருத்தர். “டிபன் தட்டமாட்டம் கண்ணு, அதுல பாதி தண்ணி” என்பார் இன்னொருத்தர். குடோன் முதலாளி பாய் நல்ல மனுஷர். நான் வேலையை விட்டுவிட்டுப் பக்கம் புரட்டுவதைப் பார்த்தால், “தம்பி, அந்தப் புள்ளைங்க இன்னும் ரெண்டு நாள்ல கூழாவப் போறாங்க. அதுக்குள்ள சொந்தம் கொண்டாடிறாதே” என்பார். சொல்லிவிட்டு, “வேணும்னா ரெண்டு எடுத்துட்டுப் போ” என்றும் சொல்வார்.

அப்படி எடுத்து வந்தவை எங்கள் வீட்டுப் பரண் முழுக்கக் கிடந்தன.

ஜப்பான்காரர்கள் மேல் எனக்கிருந்தது பிரியமா, பைத்தியமா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் மழையை வரைவதுபோல் வேறு யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. நம் பத்திரிகைத் தொடர்கதைக்குப் படம் போடுகிறவர் கட்டம் காலியாக இருந்தால் ஒரு தூணையாவது, திரைச்சீலையையாவது போட்டு நிரப்பிவிடுவார். அவர்கள் கரண்டுக் கம்பியிலிருந்து சொட்டும் ஒரு துளிக்கு ஒரு முழுப் பக்கத்தை விட்டுவிடுவார்கள். ஆள் இல்லாத ரயில் நிலையம், திறந்து கிடக்கும் ஜன்னல், நிறுத்திவைத்த சைக்கிள் என்று போகும். அழுகிறவனைக் காட்டாமல் அவன் செருப்பைக் காட்டுவார்கள். துக்கம் தெரிந்தவர்கள் என்று நான் முடிவு கட்டியது அதை வைத்துத்தான்.

சாமான்களும் அப்படியே. வாக்மேன் கைக்கு வந்த நாளில், பஸ் கூட்டத்துக்கு நடுவில் என் காதுக்குள் யாரோ ஒரு தனி அறை கட்டிக் கொடுத்ததுபோல் இருந்தது. பேட்டரி தீரும்போது பாடுகிறவரின் குரல் இழுத்து இழுத்துத் தூங்கிப்போகும். கெட்டுப்போவதைக்கூட மரியாதையாகச் செய்யும் யந்திரம் என்று அதைச் சொல்வேன். டி.வி.யில் செருகி விளையாடும் கேம் கேசட் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. செத்தால் மறுபடி முதலிலிருந்து ஓடு என்கிற விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்று ஒரு கட்சி வைத்திருந்தேன்.

இன்னொரு கட்சியும் இருந்தது. அந்தப் படக்கதைகளில் சாவோ பிரிவோ முதல் பக்கத்திலேயே வந்துவிடும். பிறகு கதை பின்னால் பின்னால் போகும். பெரியவர்கள் சின்னவர்களாவார்கள், உடைந்த கோப்பை மேசை மேல் ஏறும். “அவிங்க எல்லாக் கதையுமே பிளாஷ்பேக்தானுங்க. முடிவ மொதல்லயே சொல்லிப்போட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. பயப்படாத சனம்” என்று டீக்கடையில் பெஞ்சு தட்டிச் சொல்லியிருக்கிறேன். “அப்ப அவிங்க ஊர்ல கல்யாணத்தன்னிக்குத்தான் டைவர்ஸா?” என்று டீ மாஸ்டர் கேட்டார். அதற்கும் ஏதோ பதில் சொன்னேன்.

அக்காவைக் கொடுத்திருந்தது கருமத்தம்பட்டியில். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓடும். ஓடும்போது அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், கையால் காட்டுவார்கள். ஒரே பையன். நாலு வயது ஆகவில்லை. காய்ச்சல் என்று உள்ளறையில் படுக்க வைத்திருந்தார்கள். தறியில் பாவு நூல் அறுந்துவிட்டது என்று மச்சான் கைகாட்டிக் கூப்பிட, அக்கா கொட்டகைக்குப் போனாள். இழை எல்லாம் பிணைத்துவிட்டு வந்து பார்த்தபோது பையனுக்கு வலிப்பு வந்து எல்லாம் முடிந்திருந்தது. அவன் கூப்பிட்டானா, இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அக்காவை அரித்தது.

பால் ஊற்றி முடித்த மறுநாளே மச்சான் தறியை ஓட்டினார். சத்தம் கேட்டதும் அக்கா கட்டின சேலையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். “மனுசனா அது?” என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மச்சான் ஞாயிறு தவறாமல் வருவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். நாற்காலியில் உட்காருவார். அம்மா டீ கொடுப்பாள். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “வாரேனுங்க அத்தெ” என்று கிளம்பிவிடுவார். “ஒரு வார்த்தை கூப்புடுங்களேன் மாப்ள” என்று அம்மா கெஞ்சுவாள். “அவளா வரட்டுமுங்க” என்பார். மற்றபடி பேசத் தெரியாதவர். தறிக்காரர்களுக்கு நாக்கை விடக் கைதான் பழக்கம்.

அக்கா சாப்பிடுவதில்லை. மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் ஜப்பானிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஒப்பணக்கார வீதிக் கடைகளில் அந்த முட்டை வந்து தொங்கியது. சாவிக்கொத்து அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் முட்டை, நடுவில் நகத்தளவு திரை, திரைக்குள் ஒரு குஞ்சு. பொத்தானை அமுக்கித் தீனி போட வேண்டும், கழுவிவிட வேண்டும், விளக்கணைத்துத் தூங்க வைக்க வேண்டும். கவனிக்காவிட்டால் செத்துப்போகும். மூளை அவர்களுடையது, எங்கள் ஊருக்கு வந்தது ஏதோ ஒரு நகல். அக்காவுக்கு ஒரு துணை என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனேன்.

அது பசித்தால் கீச்கீச்சென்று கூப்பிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அக்கா அதை இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். மிக்ஸி ஓடினால் நிறுத்திவிட்டுக் காதில் வைத்துப் பார்ப்பாள். குளிக்கப் போனால் அம்மா கையில் கொடுத்து, “கூப்புட்டா சொல்லோணும்மா” என்பாள். குழாயடியில் பெண்கள் சண்டை போட்டால் அந்தச் சத்தத்துக்குப் பயந்து குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவாள். கொஞ்ச நாளில் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. அவள் அவ்வளவு பார்த்துக்கொண்டும் ஒரு மத்தியானம் அது செத்துப்போனது. அதற்கு வயசாகிவிட்டதாம், அப்படியும் ஒரு விதி வைத்திருந்தார்கள். நான் பதறிப்போய், “ஒண்ணுமில்லீங்கக்கா, ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்குனா மறுபடி பொறந்துக்கும்” என்றேன்.

“பொறந்துக்குமா?” என்று மட்டும் கேட்டாள். முட்டையை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாகத் தெரிந்த ஒரு பொம்மையைச் செய்ததற்காக அந்தச் சனத்தை நான் மதிக்கிறேன். அதில் அந்த ரெண்டு பொத்தானையும் வைத்ததை இன்றைக்கு வரை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பின்தான் புத்தகம் வந்தது. நான் கொடுக்கவில்லை. பரணைத் துடைக்க ஏறியவள் அவளாகவே எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் புத்தகம். மேலட்டை இல்லை, ஒரே கதை. கீழே இறங்காமல் ஸ்டூல் மேல் நின்றபடியே புரட்டினாள். “இதுல ஒரு சத்தமும் இல்லியே” என்றாள். படத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கியிருந்ததெல்லாம் கதவு சாத்துகிற சத்தம், ரயில் சத்தம் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. படிக்கத் தெரியாததால் எங்களுக்கு அது அமைதியான ஊர்.

முதல் பக்கத்தில் ஒரு பையனின் போட்டோ. அதற்கு முன்னால் சாம்பல் கிண்ணத்தில் ஊதுபத்தி. கறுப்பு உடுத்தியவர்கள் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலு பக்கம் தள்ளினால் பையன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பான். பிறகு எழுந்து உட்காருவான். பிறகு பனியில் ஓடுவான், மூன்று சக்கர சைக்கிள் விடுவான், துணியில் சுற்றிய சிசுவாவான். கடைசிப் பக்கத்தில் பிள்ளைத்தாச்சியாய் ஒரு பெண் ரயில் பிளாட்பாரத்தில் நின்று சிரிப்பாள்.

அக்கா அந்தக் கதையை எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலமானால் வாசலில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

“எல்லாரும் அவன் போயிட்டான்னு நெனச்சு அழுதுட்டு இருக்கறாங்க. அவன் என்ன பண்றான், சித்தெ நேரம் படுத்துப் பாக்கறான். தூக்கம் வரல. எந்திரிச்சு உக்காந்துக்கறான்.”

“ஏனுங்க்கா, போகப் போக அவன் சிறுசா ஆயிட்டே போறான்?” என்று ஒரு வாண்டு கேட்டது.

“அம்மா மடியில உக்காரோணுமல்லொ. பெருசா இருந்தா எப்படி உக்கார்றது?”

“அப்பறம்?”

“அப்பறம் வவுத்துக்குள்ள போயி பத்தரமா இருந்துக்குவான். அங்க காச்சலு வராது.”

பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல அவளுக்கும் ஒரு பிடி சோறு இறங்க ஆரம்பித்தது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உன்ற குப்பையிலயும் ஒரு உபயோகம் இருந்திருக்குது பாரு” என்றாள். அதை விடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

குடோனில் ஒரு நாள் தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டப் பந்தயக் கதை. ஓடுகிறவன் மணிக்கட்டில் டிஜிட்டல் வாட்ச். அந்த எழுத்துக் காட்டில் எனக்குப் படிக்கத் தெரிந்தவை எண்கள் மட்டும்தான். வாட்ச் என்றால் நான் எங்கேயும் நின்றுவிடுவேன். என்ன மாடல் என்று உற்றுப் பார்த்தேன். முதல் கட்டத்தில் இருந்ததை விட அடுத்த கட்டத்தில் விநாடி குறைந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் குறைந்திருந்தது.

புத்தகத்தைப் புரட்டிப் போட்டேன். பின்னட்டையிலிருந்து, வலது ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். நேரம் ஒழுங்காக ஓடியது. கோப்பை மேசையிலிருந்து விழுந்து உடைந்தது. அவர்கள் யாரும் பயப்படாத சனம் இல்லை. பிளாஷ்பேக்கும் இல்லை, வலமிருந்து இடமாகப் படிக்கிற சனம். புத்தகத்தைத் தப்பான பக்கத்திலிருந்து திறந்துகொண்டிருந்தது நான்தான்.

“என்ன தம்பி, பேயறைஞ்சாப்ல நிக்கறே?” என்றார் பாய்.

“ஒண்ணுமில்லீங்க பாய்” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் கட்டிலில் எழுந்து உட்காரும் இடம். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பையன் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லி எனக்கு ஆகப்போவது என்ன? புத்தகத்தை ஒளித்தால் தேடுவாள். சொன்னால் மறுபடி சோற்றைத் தள்ளிவிடுவாள். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு டீக்கடையில் ஜப்பான் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டேன். “என்னப்பா, உங்க ஊர்ல ஏதாச்சும் துக்கமா?” என்று டீ மாஸ்டர்கூடக் கேட்டுப் பார்த்தார்.

அந்த ஞாயிறு மச்சான் வந்தபோது பேப்பர் வந்திருக்கவில்லை. சும்மா உட்காரத் தெரியாமல், டி.வி. மேல் கிடந்த அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தார். அவர் வாங்கும் பேப்பரில் நூல் விலை கடைசிப் பக்கத்தில் வரும். அதனால் எந்தப் பேப்பரையும், எந்தப் புத்தகத்தையும், கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பின்னாலிருந்துதான் திறப்பார். இதையும் அப்படித்தான் திறந்தார்.

அதுதான் சரியான பக்கம். பிடுங்கலாமா என்று எழுந்தேன். என்ன சொல்லிப் பிடுங்குவது?

மச்சான் முதலில் சிரித்தார். பல மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. “பாரு, இத்தினியூண்டு இருக்கறான்” என்றார். கொஞ்சம் கழித்து, “மூணு சக்கர வண்டி. இவனும் இதுக்குத்தான் அழுதான். தீவாளிக்கு வாங்கலாம்னு இருந்தேன்” என்றார். பிறகு விரல் மட்டும் மெல்லப் பக்கம் தள்ளியது. பனி, ஆஸ்பத்திரி, கட்டில். கடைசியில் போட்டோவுக்கு வந்து சேர்ந்ததும் புத்தகம் அவர் மடியில் இறங்கியது. அந்தப் பெரிய தோள் குலுங்கியது.

“எதுக்குடா இவளுக்கு இதக் குடுத்த? பையன் செத்துல்ல போறான்” என்றார். குரல் ஏதோ பள்ளத்திலிருந்து வருவதுபோல் வந்தது.

அடுப்படி நிலையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் கேட்டாள்.

“இன்னிக்கும் தறிய ஓட்டிப்போட்டுத்தான் வந்தீங்களா?”

“ஓட்டாம என்ன பண்ணச் சொல்ற அம்மணி?” என்றார் மச்சான். “நிறுத்துனா கேக்குது. தறி நின்னுதுன்னா ஊட்டுக்குள்ளிருந்து அவன் கூப்புடறது கேக்குது. ஓடுனாத்தான் கேக்க மாட்டீங்குது.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கதையையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தேன்.

“மச்சான், நீங்க தப்பாப் பொரட்டிட்டீங்க. இந்தப் பக்கமிருந்து பாக்கோணும். அவன் பொழைச்சுக்குவானுங்க. அக்காவையே கேளுங்க” என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டப் போனேன்.

“உடு கண்ணு” என்றாள் அக்கா. “அவரு பொரட்டுனதுதான் சரி. பரண்லருந்து எடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். பெரியவன் சின்னவனாகறதக்கூட நீ சொல்ற பிளாஷ்பேக்குன்னு வெச்சுக்கலாம். நீ பாவம், எனக்குத் தெரிஞ்சிறக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்ச. அதுமில்லாம, எங்கியாச்சும் ஊதுபத்தி எரிய எரிய நீளமாகுமா கண்ணு?”

முதல் பக்கம், எங்கள் முதல் பக்கம், அப்போதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. இடமிருந்து வலமாக மூன்று கட்டம். ஒன்றில் துண்டு ஊதுபத்தி, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் முழுசு. வாட்சில் விநாடி தேடிய நான் அதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

அக்கா வந்து மச்சான் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். மூடினாள். இருந்த இடத்திலேயே, டி.வி. மேல் வைத்தாள். அவர் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ரெண்டு விரலால் எடுத்துப் போட்டாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, வந்தபோது போலவே கட்டின சேலையோடு படியிறங்கி, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். தெருமுனை வரைக்கும் போய், மச்சான் எழுந்து வருகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.